எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே எம்.பி.ஏ.வும் முடித்துவிடலாமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா எங்கள் ஊரில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் நடத்துகிறார். "படிப்போடு படிப்பாக ஆன்லைனில் எம்.பி.ஏ.வும் போட்டுவிடு, வெளியே வரும்போது இரண்டு டிகிரி கையில் இருக்கும்" என்கிறார். அட்மிஷன் ஏஜென்ட் ஒருவரும் "ஒரே நேரத்தில் ரெண்டு டிகிரி படிக்கலாம்னு யுஜிசியே சொல்லிடுச்சு" என்று உடனே பணம் கட்டச் சொல்கிறார். அமெரிக்காவில் இப்படிப் படிக்கிறார்களாமே, நான் சேரலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம்மா, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஏஜென்ட் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் அனுமதித்தது உண்மை. ஆனால் எம்.பி.ஏ.வில் சேர வேண்டுமென்றால் இளநிலைப் பட்டம் ஒன்றை ஏற்கெனவே முடித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து நேராக எம்.பி.பி.எஸ். வந்த உங்களிடம் அது ஏது? தொழிற்படிப்புகளுக்கு அந்தந்த கவுன்சிலின் விதிகளும் பொருந்தும் என்று அதே யுஜிசி அறிவிப்பிலேயே இருக்கிறது, அதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே இளநிலைப் பட்டம் முடித்த பிறகுதான் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள், அதனால் எம்.பி.ஏ.வுக்கான தகுதி முன்னாலேயே வந்துவிடுகிறது. ஹார்வர்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் நான்கு வருட எம்.டி.யையும் (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படை மருத்துவப் பட்டம்) இரண்டு வருட எம்.பி.ஏ.வையும் இணைத்து ஐந்து வருடத்தில் முடிக்க வழி இருக்கிறது. அங்கேயும் மருத்துவப் படிப்பைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் பிசினஸ் ஸ்கூலுக்குப் போகிறார்கள்.

நீங்கள் இப்போது பேத்தாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் சுமந்துகொண்டு வார்டு போஸ்டிங்கும் போய்க்கொண்டிருப்பீர்கள். தியரியில் 75, பிராக்டிகலில் 80 சதவீத வருகைப்பதிவு இல்லாமல் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். இதற்கு நடுவில் இன்னொரு அசைன்மென்ட், இன்னொரு செமஸ்டர் எதற்கு?

அப்பாவின் ஆசையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, அது நியாயமான ஆசைதான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் அவருடைய பில்லிங் கவுண்டரில் உட்காருங்கள். காலை ரவுண்ட்ஸிலேயே "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்ட நோயாளி, மாலை நான்கு மணிக்கும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு அதே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகியிருக்காது, திருப்பிக் கொடுத்த மருந்தை பார்மசி பில்லில் கழித்திருக்காது, இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்திருக்காது. அந்தக் கட்டிலுக்கு அட்மிட் ஆக வேண்டியவர் கீழே நாற்காலியில் காத்திருப்பார். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் போனது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் பெரும்பகுதி இந்த மாதிரி விஷயம்தான், அதை உங்கள் வீட்டிலேயே ஃபீஸ் இல்லாமல் பார்க்கலாம்.

பட்டம் என்று வேண்டுமானால், நாலரை வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடியட்டும். நீட் பி.ஜி. எழுதி ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷனில் எம்.டி. படிக்கலாம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் முதுநிலைப் படிப்புக்கு இந்தத் துறையில் நல்ல பெயர். வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ இருக்கிறது. அகமதாபாத், பெங்களூரு ஐஐஎம்களின் ஒரு வருட மேலாண்மைப் படிப்புகளுக்கு நான்கைந்து வருட வேலை அனுபவம் கேட்பார்கள், என்னைக் கேட்டால் அப்படிக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுப் போவதுதான் நல்லது.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவரிடம் எம்.பி.ஏ. இல்லை. நிர்வாகத்துக்கு அப்புறம் ஐஐஎம்மில் படித்த துளசிராஜ் வந்து சேர்ந்தார். இரண்டு பட்டமும் ஒரே ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்று இல்லையே. இப்போதைக்கு நர்சிங் ஹோமுக்கு நல்ல மேனேஜர் ஒருவரை அவர் தேடட்டும், நீங்கள் பேத்தாலஜியைப் பாருங்கள்.