தேங்காய் நாரும் பழைய துப்பாக்கியும்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: என் அக்கா மகன் மெல்பர்னில் இருக்கிறான். அங்கே ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் முறையாகச் சேர்ந்து, குழலின் வாய் வழியாகக் கருமருந்து கெட்டித்துச் சுடும் பழங்காலத் துப்பாக்கியில் பயிற்சி எடுக்கிறான். மருந்துக்கும் ரவைக்கும் (சிறு ஈயக் குண்டுகளுக்கும்) நடுவில் வைக்கும் அடைப்புக்குப் பிளாஸ்டிக் வேண்டாமாம், இயற்கை நார்தான் வேண்டுமாம். "மாமா, பினாங்கில் தேங்காய் நாரும் இலவம்பஞ்சும் மலிவாகக் கிடைக்குமே, ஒரு பை அனுப்புங்கள்" என்கிறான். எதை வாங்கலாம்? தபாலில் அனுப்பினால் சிக்கல் வருமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தேங்காய் நாரை அனுப்பலாம், ஆனால் கடையில் எதையும் விசாரிக்காமல் வாங்கியதை அல்ல. இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம்.

முதலில் அந்த அடைப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும் துப்பாக்கி அது. மருந்தைக் கொட்டியதும் அதன் மேல் தடித்த அட்டை வட்டம் ஒன்று போகும். அதற்கு மேல் நார், அப்புறம் ரவை, ரவை சிந்தாமல் இருக்கக் கடைசியில் ஒரு மெல்லிய அட்டை. வெடிப்பின் வாயுவைத் தடுப்பது அட்டையின் வேலை. முதல் உதையை வாங்கிக்கொண்டு ரவை நசுங்காமல் காப்பது நாரின் வேலை. அட்டை இல்லாமல் நாரை மட்டும் திணித்தால் வாயு இடுக்கில் புகுந்து ரவையைச் சிதறடித்துவிடும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகள் சூட்டில் உருகிக் குழலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் உங்கள் மருமகன் இயற்கை நார் கேட்கிறார். சரியாகத்தான் கேட்கிறார்.

இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழாய். மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அந்தக் காலத்தில் உயிர்காப்பு மிதவை அங்கிகளில் அதை அடைத்ததற்கு இதுதான் காரணம். அதே காரணத்தால் ஒரு பொறி பட்டாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும். குழலிலிருந்து வெளியே வரும் அடைப்பு, காய்ந்த புல்லில் விழுந்து கனன்றுகொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். விக்டோரியா மாநிலத்துக் கோடையில் காட்டுத்தீ அபாயத்துக்காக வெளியில் நெருப்பு மூட்டுவதையே தடை செய்யும் நாட்கள் உண்டு. அங்கே அனுப்ப வேண்டிய பொருளா அது?

தேங்காய் நார் முரடானது, அழுத்தினால் மீண்டும் எழும். நாரைப் பற்றிக் கவலை இல்லை, அதற்கு முன்னால் செய்த பக்குவத்தைப் பற்றித்தான் கவலை. பல இடங்களில் மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் நாரைப் பிரிக்கிறார்கள். நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு அப்படியே தங்கிவிடும். கருமருந்து எரிந்த கசடே ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் குழல் என்னவாகும்? நர்சரியில் செடிக்கென்று விற்கும் தேங்காய் நார்த்தூளில் சில, உப்பை நீக்குவதற்காகக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கப்பட்டவை; நைட்ரேட் தங்கினால் நார் கனன்றுகொண்டே இருக்கும். பழைய மெத்தை நாரில் ரப்பர் பால் தெளித்திருப்பார்கள். மிதியடியின் அடியில் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். பையில் "இயற்கை" என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும் இது எதுவும் பையில் தெரியாது. அதனால் விற்பவரிடம் "இது சுத்தமானதா" என்று கேட்காதீர்கள். எந்தத் தண்ணீரில் ஊறியது, எதைத் தெளித்தார்கள், சாயம் ஏற்றினார்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

நல்ல வழி, சந்தையில் தேங்காய் துருவிப் பால் பிழிந்து விற்பவரிடம் முற்றிய மட்டை கேட்பது. பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு அடித்து, தூளை உதறி, சீப்பால் கோதி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்தது பொட்டலத்துக்குள்ளேயே பூசணம் பிடித்துவிடும்.

சாக்கை வெட்டி அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சணலை நூலாக்கும்போது மென்மைக்காகக் கனிம எண்ணெய் சேர்ப்பது ஆலைகளில் வழக்கம். அந்த எண்ணெயும் கருமருந்தும் சேர்ந்தால் குழலில் தார் மாதிரிப் படியும். கம்பளி ஃபெல்ட் மிக நல்லது, எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் கைவினைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வண்ண ஃபெல்ட் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர்.

செலவைப் பார்த்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளி (லினன் துணி நெய்யும் செடி) நாரைச் சீவும்போது மிஞ்சும் சிக்கல் இழைதான் ஐரோப்பாவில் இதற்குப் பழங்காலத்திலிருந்தே பயன்பட்டது. குழாய் இணைப்பில் சுற்றுவதற்கென்று அதே இழையை இன்றும் விற்கிறார்கள். எண்ணெயோ மெழுகோ தடவாததாகப் பார்த்து மருமகன் அங்கேயே வாங்கிக்கொண்டால் தபால் செலவு மிச்சம்.

எந்த நாராக இருந்தாலும் ஒரு சுடுதலுக்குப் பிறகு குழலுக்குள் கனன்ற துணுக்கு தங்கக்கூடும். ஈரத்துணியால் குழலைத் துடைத்த பிறகுதான் அடுத்த மருந்து. அதுவும் அளவுக் கிண்ணத்திலிருந்து மட்டுமே, மருந்துக் குடுவையை நேராகக் குழல் வாயில் கவிழ்க்கவே கூடாது. பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் ஸ்ரீ ரம்பாய் மாதிரியான பீரங்கிகளையும் ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் ஈரத்தால் துடைத்துத்தான் மறுபடி கெட்டித்தார்கள். அடைப்பை மாற்றினால் அழுத்தமும் மாறும் என்பதால், மருந்தின் அளவைச் சங்கத்துப் பயிற்றுநரிடம் கேட்டே வைக்கச் சொல்லுங்கள்.

தபாலைப் பொறுத்தவரை நார் வெடிபொருள் அல்ல. ஆனால் ஆஸ்திரேலியாவில் தாவரப் பொருள்களுக்குக் கடுமையான சோதனை உண்டு. மண், விதை, பூச்சி எது இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். சுங்கப் படிவத்தில் "காய்ந்த தேங்காய் நார்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கேள்வி: இதே மாதிரி வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று தாத்தாவின் பழைய பெட்டியில் கிடைத்தது. துரு ஏறிக் கிடக்கிறது. சுவரில் மாட்டி வைக்கலாமா? விற்கலாமா?
(வாசகி, பாலேக் பூலாவ்)

பதில்: இரண்டும் கூடாது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. "பழசுதானே, துரு பிடித்ததுதானே" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். காரில் எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

அதுவரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இவ்வகைத் துப்பாக்கிகள் பல, மருந்து கெட்டித்த நிலையிலேயே மறக்கப்பட்டுக் கிடந்து பின்னால் கிடைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உலர்ந்த கருமருந்து எத்தனை வருடமானாலும் வெடிக்கும். தட்டிப் பார்ப்பது, சூடாக்கித் துரு எடுப்பது, எதுவும் செய்ய வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் "நூறு விழுக்காடு கெக்காபு" (இலவம்பஞ்சு) என்று இரண்டு தலையணை வாங்கினேன். உள்ளே பாலியஸ்டர் மாதிரி இருக்கிறது. எப்படி நிரூபிப்பது? பணம் திரும்பக் கிடைக்குமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: சின்னக் கொத்து ஒன்றை எடுத்து, வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். இலவம்பஞ்சு காகிதம் போல எரிந்து மிருதுவான சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கடினமான கருமணியாக நிற்கும். இதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கத்தின் படம், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள், நாளைக்கே அந்தப் பக்கத்தை மாற்றிவிடலாம்.

முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு தேதி குறியுங்கள். தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. தலையணைக்காகவா என்று தயங்காதீர்கள், இப்படிச் சின்னத் தொகைகளுக்காகத்தான் அதை அமைத்தார்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம். அப்படியானால் வாங்கிய தளத்தின் பணம் திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள் அங்கேயே விண்ணப்பியுங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்திவிட்டால் சில தளங்களில் பணம் உடனே விற்பவருக்குப் போய்விடும். அதனால் அடுத்த முறை உறையைப் பிரித்துப் பார்த்த பிறகே அழுத்துங்கள்.