குடை முதலில், பாக்ஸ் அப்புறம்

கேள்வி: மின் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சீரியல் பார்க்க வீட்டில் கேபிள் இருக்கிறது. எனக்கு வேண்டியது, எந்தப் பட்டியலிலும் இல்லாத சிக்னல்கள். மைதானத்திலிருந்தும் செய்தி வேனிலிருந்தும் ஸ்டுடியோவுக்குப் போகிற ஃபீடுகளை நானே தேடிப் பிடிக்க ஆசை. 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எந்த பாக்ஸ் வாங்கலாம்?
- வாசகர், காரைக்குடி

பதில்: எல்லாரும் பாக்ஸில்தான் ஆரம்பிக்கிறோம் சார். நானும் அப்படித்தான். விலை உயர்ந்த பாக்ஸை வாங்கி, மிச்சக் காசுக்கு 4 அடி தட்டு (டிஷ்) ஒன்றை மாட்டிவிட்டு, இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். 76.5 டிகிரி கிழக்கில் அப்ஸ்டார் சாட்டிலைட், 78.5 டிகிரியில் தாய்காம். நடுவே 2 டிகிரிதான். சி பேண்டில், அதாவது பெரிய தட்டில் பிடிக்கும் அலைவரிசைப் பகுதியில், 4 அடி தட்டின் பார்வை 4 டிகிரிக்கு மேல் அகலம். இரண்டு சாட்டிலைட்டும் ஒன்றாக உள்ளே நுழைந்தால் எந்த பாக்ஸ்தான் என்ன செய்யும்? 6 அடியில் அந்தப் பார்வை 3 டிகிரிக்குள் சுருங்கிவிடும். அதனால் சி பேண்டுக்கு 6 அடிக்குக் கீழே போகாதீர்கள். 8 அடி கிடைத்தால் விடாதீர்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பழைய கேபிள் ஆபீஸ்களில் கழற்றியதை எடைக்குப் போடுகிறார்கள். என் 8 அடித் தட்டே பழைய இரும்புக் கடையில் எடுத்ததுதான். ஆனால் கடையிலேயே நூல் கட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். எதிரெதிர் விளிம்புகளை இணைத்து இரண்டு நூலைக் கூட்டல் குறி போல இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலும் நூலும் லேசாக உரசினால் தட்டு நேராக இருக்கிறது. விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் முறுக்கிக்கொண்டுவிட்டது. மேல் நூலைக் கீழே மாற்றியும் ஒருமுறை பாருங்கள். ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு கோணலை மறைக்கும் தட்டும் உண்டு.

தட்டுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தைப் போல 16 மடங்கால் வகுக்க வேண்டும். 180 சென்டிமீட்டர் தட்டு, நடுவில் 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 67.5 சென்டிமீட்டர். எல்.என்.பி.யைத் தாங்கும் கால்களை யாராவது மாற்றி மாட்டியிருந்தால் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

உங்கள் ஊரிலிருந்து 83 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-30 ஏறக்குறைய 77 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட உச்சி. தட்டு அண்ணாந்து கிடக்கும், ஐப்பசி மழையில் அண்டா மாதிரி தண்ணீர் நிற்கும். தாழ்வான இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டுவிடுங்கள்.

இனி பாக்ஸ். பிளைண்ட் ஸ்கேன் கட்டாயம். ஃபீடுக்கு அலைவரிசை எண்ணை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பாக்ஸ்தான் துழாவ வேண்டும். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாமல், கடையில் ஓடுகிற தட்டில் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். சிம்பல் ரேட் (தகவல் அனுப்பும் வேகம்) குறைவான சிக்னல்களைத் தாண்டிக் குதித்துவிடும் பாக்ஸ்கள் உண்டு, ஃபீடுகளில் பல அந்த ரகம். இன்னொரு தொல்லை, 4:2:2 வகைப் படம், அதாவது நிற விவரம் கூடுதலாக உள்ள ஸ்டுடியோ ரகம். சாதாரண பாக்ஸில் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக இருக்கும். அதற்கு லேப்டாப்பும் யூ.எஸ்.பி. ட்யூனரும் வேண்டும், அதை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பணத்தில் பாதிக்கு மேல் தட்டுக்கும் கம்பத்துக்கும் போகட்டும். பூட்டிய ஃபீட் வந்தால் சிக்னல் அளவை நோட்டில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பூட்டை உடைப்பது நம் வேலை இல்லை.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த 6 அடி டிஷ், பக்கத்துத் தெரு டவரில் 5ஜி வந்த பிறகு கட்டம் கட்டமாக உடைகிறது. டிஷ்ஷை மாற்ற வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: டிஷ் மேல் தப்பில்லை. சாதாரண சி பேண்ட் எல்.என்.பி. 3400 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் வரை காது கொடுக்கும். 2022-ல் 5ஜிக்கு ஏலம் போன அலைவரிசைகளில் 3300-லிருந்து 3670 வரையிலான துண்டும் ஒன்று. கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று போன் பேசுகிற கதைதான். 3700-4200 மட்டும் எடுக்கும், 5ஜி ஃபில்டர் உள்ள எல்.என்.பி. போடுங்கள். 3700-க்குக் கீழே உள்ள சிக்னல்கள் போய்விடும், அந்த வருத்தம் எனக்கும் உண்டு. செலவில்லாத வழி ஒன்றையும் முயன்று பாருங்கள். நமக்கு சாட்டிலைட்டுகள் தலைக்கு மேலே நிற்பதால், டவரை மறைக்கிற மாதிரி மாடிப்படி அறைச் சுவருக்குப் பின்னால் தட்டைத் தள்ளி வைத்தாலும் வானம் மறையாது. எனக்கு அதிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: என்னிடம் கம்ப்யூட்டரில் சொருகி ரேடியோ கேட்கும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். குச்சியும், சும்மா கிடக்கிற டி.டி.எச். குடையும் இருக்கின்றன. ஏதாவது கேட்க முடியுமா?
- மாணவர், திருநெல்வேலி

பதில்: முடியும் தம்பி. 2018 நவம்பரில் கத்தாருக்காக ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய எஸ்ஹைல்-2 சாட்டிலைட்டில், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, கியூஓ-100 என்பார்கள். 25.9 டிகிரி கிழக்கு. உங்களுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, 30 டிகிரி உயரத்தில். யுனிவர்சல் எல்.என்.பி. போட்டால் அதன் 10489.5 மெகாஹெர்ட்ஸ் கீழிறங்கி 739.5-ல் வரும், உங்கள் குச்சிக்கு அது எளிது. எல்.என்.பி.யை நிமிர்த்தி மாட்டிவிட்டு எதுவும் வரவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். அவ்வளவு மேற்கே பார்க்கும்போது கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்ப வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்பதைத் திருப்பிப் பார்த்தே கண்டுபிடியுங்கள். குச்சியிலிருந்து வரும் 4.5 வோல்ட் எல்.என்.பி.க்குப் போதாது. 13 வோல்ட்டை, கேபிள் வழியே மின்சாரம் ஏற்றும் தனி இன்ஜெக்டரில் கொடுங்கள். அது குச்சிக்குள் திரும்பி வந்தால் குச்சி போச்சு. மத்தியான வெயிலில் எல்.என்.பி. சூடாகி அலைவரிசை நகரும். 10489.75-ல் ஒரு பீக்கன் (இடம் மாறாத அடையாள சிக்னல்) இருக்கிறது, அதைப் பார்த்து நீங்களும் கூடவே நகர்த்திக்கொள்ளுங்கள்.