ஆறு வாரத்துக்கு யார் சமைப்பது?

தங்கச்சி, திருச்சியிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், ஈப்போவில் வயிற்றைத் திறக்காமல் சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் செய்ய (லாப்ரோஸ்கோப்பி) பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கூடக் கேட்கிறார்கள், அது வீண் செலவா என்று கேட்டிருந்தீர்கள்.

பில்லில் கூடத்தான் வரும். கேமரா, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கருவிகள், நீளும் ஆபரேஷன் நேரம் எல்லாம் அதில் ஏறும். கொஞ்சம் திரும்பியும் வரும்: வயிற்றைத் திறந்தால் மூன்று நான்கு நாள் வார்டு, லாப்ரோஸ்கோப்பி என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். புண்ணில் சீழ் பிடிப்பதும் குறைவு.

ஆனால் நம்மைப் போல வந்தவர்களுக்குப் பெரிய செலவு வீட்டுக்கு வந்த பிறகுதான். 2009-இல் எனக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். ஊரில் அம்மா, நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று ஆள் இருக்கும்; இங்கே ஈரத்துணி வாளியைத் தூக்கக்கூட ஆளில்லை. அம்மாவுக்கு விமான டிக்கெட் போட்டோம். அவர் வந்து சேரும்வரை தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீட்டிலிருந்து ஓர் அம்மா சோறு கொண்டுவந்தார். (பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.) உங்கள் வீட்டுக்காரர் வேலையில் சேர்ந்து 2 ஆண்டு ஆகவில்லை என்றால் சட்டப்படி ஆண்டு விடுப்பே குறைந்தது 8 நாள்தான். துளை வழியில் இரண்டு மூன்று வாரத்தில் பலர் பழையபடி நடமாடுகிறார்கள். டிக்கெட், சம்பளப் பிடித்தம், கடைச் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளி வேன் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றுவிடாதீர்கள். சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாயில் காயம் படும் வாய்ப்பு துளை வழியில் சற்று அதிகம். கட்டி மிகப் பெரிது என்றால் திறப்பதே நல்லதாக இருக்கலாம். இதை அடிக்கடி செய்து கைபழகியவரா என்று டாக்டரிடமே கேளுங்கள். அப்புறம், வயிற்றில் வெட்டில்லாமல் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் முறையும் உண்டு; அதையும் விசாரியுங்கள். 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அந்த முறைக்கு எதிரே லாப்ரோஸ்கோப்பி கொடுத்த காசுக்கு ஈடாகவில்லை. வயிற்றைத் திறப்பதற்கு எதிரே இழுபறி. ஆனால் அது அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் கணக்கு, அம்மாவின் விமான டிக்கெட் அதில் வராது!

கம்பெனி காப்புறுதியில் உங்கள் பெயர் இருக்கிறதா, முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று நாளைக்கே கேட்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் சில வெள்ளியில் முடியும் என்று யாராவது சொன்னால், அது குடிமக்களுக்கு. பெர்மிட்டில் இருப்பவர்களுக்குக் கட்டணம் வேறு.