பழைய நீர்வண்ண ஓவியம்: கையொப்பத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: பழம்பொருள் வியாபாரி ஒருவர் இணையத்தில் ஒரு நீர்வண்ண ஓவியத்தை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். சிங்கப்பூர் ஆறு, கரையோரம் தொங்கான்கள் (சரக்குப் படகுகள்), பின்னால் கடைவீடுகள். ஓரத்தில் சீன எழுத்தில் கையொப்பம், பக்கத்தில் சிவப்பு முத்திரை. சென் சோங் சுவீ 1962ல் வரைந்தது என்கிறார். விலை 4,800 வெள்ளி. சான்றிதழ் உண்டாம், ஆனால் வாங்கிய பிறகு திருப்பித் தர முடியாதாம். இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று அவசரப்படுத்துகிறார். என் அப்பா அந்தக் காலத்தில் தொங்கானில் சரக்கு இறக்கியவர், அதனால் படத்தை விட மனமில்லை. 500 வெள்ளி முன்பணம் கட்டிவிடவா? வாங்கினால், என் தங்கை அதை வாழ்த்து அட்டையாக அச்சடித்து விற்கலாமா? (யீஷூன் வாசகி)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். பிரேமைக் கழற்றி, தாளை முன்னும் பின்னும் பார்க்க விடட்டும். அதற்குச் சம்மதிக்காதவரோடு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

அவர் சொல்லும் பெயர் சாதாரணப் பெயர் அல்ல. சென் சோங் சுவீ (1910–1985) ஷாங்காயின் சின்ஹுவா கலைக் கல்லூரியில் படித்து, 1930களில் மலாயாவுக்கு வந்தவர். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் நெடுங்காலம் பாடம் நடத்தினார். 1952ல் லியூ காங், சியோங் சூ பியெங், சென் வென் சி ஆகிய மூவரோடு பாலித் தீவுக்குப் போய் வரைந்தார். நன்யாங் பாணி (சீன, மேற்கத்திய முறைகளைக் கலந்து தென்கிழக்காசியக் காட்சிகளை வரைவது) என்று பேச்சு வந்தால் அந்தப் பயணமும் கூடவே வரும். (கையில் 50 வெள்ளித் தாள் இருந்தால் திருப்பிப் பாருங்கள். சூ பியெங்கின் கருவாட்டுப் படமும் வென் சியின் குரங்குகளும் அதில் இருக்கின்றன, நம் வீணையும் இருக்கிறது.)

சென் சோங் சுவீ இரண்டு வழியிலும் வரைந்தவர். சீன மைத்தூரிகையால் தென்னை மரமும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடும் தீட்டுவார். அதில் மேற்கத்திய முறைப்படி தூரமும் நிழலும் இருக்கும். இன்னொரு பக்கம், மேற்கத்திய நீர்வண்ணமாகவே ஆற்றையும் படகையும் வரைந்திருக்கிறார். அதனால் முதலில் தாளைத் தடவிப் பாருங்கள். மைத்தூரிகை ஓவியத்துக்கு உரிய சீனக் காகிதம் மெல்லியது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர்வண்ணத்துக்கு உரியது தடிமனான, சொரசொரப்பான தாள். விற்பவர் ஒன்றைச் சொல்லித் தாள் வேறொன்றைச் சொன்னால், காரணம் கேளுங்கள்.

அடுத்து, அது ஓவியமா, அச்சா என்ற கேள்வி. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி மலிவாகவே கிடைக்கும். அதன் வழியே பார்க்கும்போது ஒழுங்கான புள்ளிகளோ மைதெளிப்பு அச்சுப்பொறியின் துகள்களோ தெரிந்தால் அது அச்சுப் பிரதிதான். சொரசொரப்பான தாளில் அச்சடித்தால் வெறும் கண்ணுக்கு அசலைப் போலவே இருக்கும். அசல் நீர்வண்ணத்தில் சாயம் வழிந்து நின்ற இடத்தில் ஓரம் கருத்திருக்கும், தாளின் குழிகளில் துகள் படிந்திருக்கும். பல படங்களில் அடியில் பென்சில் கோடும் தெரியும். புற ஊதாக் கதிர் விளக்கு வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 1950களிலிருந்தே பல காகிதங்களில், அந்த விளக்கொளியில் ஒளிரும் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறது. ஆகவே 1962 என்று சொல்லப்படும் படம் ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இத்தனையும் தேறினாலும், யாரோ ஒருவர் கையால் வரைந்த படம் என்பதுவரைதான் வந்திருக்கிறோம். வரைந்தவர் சென் சோங் சுவீதான் என்று சொல்லக் கையொப்பம் போதாது. கையொப்பத்தைப் பார்த்து எழுதிவிடலாம், முத்திரையைக் காசு கொடுத்துச் செதுக்கிவிடலாம். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ், அவர் வாயால் சொன்னதைத் தாளில் எழுதியது, அவ்வளவே. படம் யார் யார் கை மாறி வந்தது என்று கேளுங்கள். பழைய கலைக்கூட ரசீது, கண்காட்சிக் கையேடு, முன்பு வைத்திருந்தவர் வீட்டுச் சுவரில் அது தொங்கும் புகைப்படம், ஏலத்தில் போன பதிவு, இவற்றில் ஒன்றாவது வேண்டும். "ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது" என்பது மட்டும் பதிலாக வந்தால், ஓவியர் பெயருக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை மதிப்பீடோ மெய்ச்சான்றோ தருவதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. தேசிய மரபுடைமைக் கழகத்தின் ரூட்ஸ் தளத்தில் தேசியத் தொகுப்பிலுள்ள அவருடைய ஓவியங்களைக் காணலாம். தேசியக் கலைக்கூடம் 2017ல் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அதே பத்தாண்டைச் சேர்ந்த கையொப்பங்களோடு ஒப்பிடுங்கள். விலைக்கு, ஏல நிறுவனங்கள் வெளியிடும் பழைய முடிவுகளைப் பாருங்கள். அதே ஊடகம், ஏறக்குறைய அதே அளவு என்று இருந்தால்தான் ஒப்பீடு சரிவரும். மைத்தூரிகை ஓவியத்தின் விலையைக் காட்டி நீர்வண்ணத்தை விற்பது பழைய தந்திரம். ஏலத்திலேயே வாங்குவதானால், சுத்தியல் தட்டிய விலையோடு நிறுவனத்தின் கட்டணமும் அதற்குரிய பொருள் சேவை வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இனி, எழுத்து. ரசீதில் ஓவியர் பெயர், "கையால் வரைந்த அசல் நீர்வண்ணம்", ஆண்டு, அளவு எல்லாம் இருக்க வேண்டும். அவர் வரைந்ததல்ல என்று தெரியவந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்ற வரியும் வேண்டும். "அவர் பாணியில்", "அவருடையதாகக் கருதப்படுவது" என்று எழுதித் தந்தால், பின்னால் நீங்கள் கேட்க அதிகம் இருக்காது. விற்பவர் ஒரு வியாபாரி என்பது உங்களுக்குச் சாதகம். பொய் சொல்லி விற்றால் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வாணிப) சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேச உதவும். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எழுத்தில் இல்லாததை எங்கே போய் நிரூபிப்பது?

தங்கைக்கு: கூடாது. படத்தை வாங்கினால் தாள்தான் உங்களுடையது, பதிப்புரிமை வராது. ஓவியர் இறந்து 70 ஆண்டு, அதாவது 2055 முடியும்வரை, வாரிசுகளின் அனுமதி வேண்டும்.

அப்பா நினைவுக்காகத்தான் என்றால், பெயரைத் தள்ளிவிட்டு "ஓவியர் யாரென்று தெரியாத ஆற்றுக் காட்சி" என்ற கணக்கில் விலை பேசிப் பாருங்கள். வியாபாரி எவ்வளவு இறங்கி வருகிறார் என்பதிலேயே அவருக்கு அந்தப் பெயரில் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன ஒரு நீர்வண்ணப் படத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ரொட்டித் துண்டால் துடைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா? (ஈப்போ வாசகர்)

பதில்: வேண்டாம். ரொட்டித் தூள் தாளில் தங்கினால் பூஞ்சைக்கு அது விருந்து. வெளுப்பான் பக்கமும் போகாதீர்கள். புள்ளிகளுக்குக் காரணம் பூஞ்சையாகவோ தாளிலுள்ள இரும்புத் துகளாகவோ இருக்கும். காகிதப் பாதுகாப்பு வல்லுநர்தான் கை வைக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, படத்தை வெயிலும் ஈரச் சுவரும் இல்லாத இடத்துக்கு மாற்றுவது. பின்னால் உள்ள பழைய அட்டையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை போடச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டுப் பிரேம் போடச் சொல்லுங்கள். பழைய அட்டையைத் தூக்கி எறியும் முன் அதில் கடையின் சீட்டோ எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதைத் தனி உறையில் போட்டு வையுங்கள்.