கழுத்தில் கை வேண்டாம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. படுக்கையில் அடி வாங்குவதும், கை கட்டப்படுவதும் எனக்குப் பிடித்திருக்கிறது. கணவருக்கும் சம்மதம்தான். இது மனநோயா? டாக்டரைப் பார்க்க வேண்டுமா? முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் சுவை போய்விடும் என்கிறார் அவர். சில சமயம் கழுத்தை அழுத்துவார். ஒரு கிறுகிறுப்பு வரும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

நோய் இல்லை. மன உளைச்சலோ தீங்கோ தராத இந்த விருப்பத்தை, 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு கோளாறாகக் கொள்வதில்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் மாசோகிசம், அதாவது வலியில் இன்பம் காண்பது, என்ற தலைப்பே கிடையாது. இத்தனை நாள் இதைத் தனியே மனதில் போட்டு உழன்றிருக்கிறீர்கள். போதும், விடுங்கள்.

கண்ணில் நீர் வழிய மிளகாய் தின்று ரசிப்பதை உளவியலாளர் பால் ரோசின் 'தீங்கற்ற மாசோகிசம்' என்றார். ஆபத்தில்லை என்று உள்ளுக்குள் தெரிவதால்தான் அந்த எரிச்சல் ருசிக்கிறது. உங்கள் கணவர் அந்த 'தெரிவதை' வேண்டாம் என்கிறாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

காமசூத்திரத்தை நகக்குறி, பற்குறிப் பட்டியலாகவே படித்துவிட்டுப் போகிறார்கள். கலவியில் அடிப்பதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதை எழுதிய வாத்ஸ்யாயனர் சாவுகளையும் சொல்கிறார். சோழ மன்னன் ஒருவன் அடித்த அடியில் சித்திரசேனை என்ற கணிகை செத்தாள். குந்தல நாட்டுச் சாதகர்ணியின் கையால் அரசி மலையவதி செத்தாள். நரதேவன் என்பவன் ஒரு நடனக்காரியின் கண்ணைப் போக்கினான். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரை வழியிலுள்ள கம்பத்தையும் குழியையும் பார்ப்பதில்லை, காம வேகமும் அப்படித்தான் என்கிறார். பாய்ச்சலில் கண் தெரியாது என்றால் பேச்சை எப்போது வைத்துக்கொள்வது? முன்னால்தானே!

'வேண்டாம், விடு' என்பது விளையாட்டின் வசனமாகவே ஆகிவிடலாம். அதனால் 'சிவப்பு' என்பதுபோல் வேறொரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்ன நொடியில் எல்லாம் நிற்க வேண்டும். வாய் மூடியிருந்தால் கையில் சாவிக்கொத்து இருக்கட்டும், கீழே விழுந்தால் அதே அர்த்தம். அடி பிட்டத்திலும் தொடையிலும் விழலாம். முதுகெலும்பிலும் சிறுநீரகப் பக்கமும் கூடவே கூடாது. கட்டிய கை மரத்துப்போனால் உடனே அவிழ்க்க வேண்டும், கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கட்டிவிட்டு அவர் அறையை விட்டுப் போகக்கூடாது. குடித்திருந்தால் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

ஆனால் கழுத்து? அதில் பாதுகாப்பான முறை என்று ஒன்று இல்லை. மெதுவாக அழுத்தினால் பரவாயில்லை என்பது பொய், பழகிவிட்டது என்பதும் பொய். நீங்கள் ரசித்த கிறுகிறுப்பு, மூளைக்கு ரத்தம் குறைந்ததன் அடையாளம். சில நொடிகளில் நினைவு தப்பும், அப்புறம் எந்தச் சொல்லைச் சொல்லி நிறுத்துவீர்கள்? வெளியே ஒரு தழும்பும் தெரியாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வருவதுண்டு. குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, தலைவலி விடாமலிருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், வெட்கப்பட அதில் எதுவும் இல்லை.

இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள், பகலில், இருவரும் காபி குடிக்கும் நேரத்தில். படித்த பிறகும் 'சுவை போய்விடும்' என்றால், கட்டுவதற்கு அவரிடம் கையை நீட்டாதீர்கள்.