கைக்குழந்தைய அப்பா தூக்கினாலே அழுகுது, கொஞ்சம் வளர்ந்தப்புறம் பாத்துக்கிட்டா போதாதா?

போதாது. பதில் அவ்வளவுதான், மீதி என் சொந்தப் புலம்பல். இந்தக் கேள்வி எனக்கு எங்கயோ சுருக்குன்னு தெச்சிருச்சு, அதனால நீளமாத்தான் போகும்.

மூணு வாரக் குழந்தைன்னு போட்டிருக்கீங்க. நீங்க தூக்கறீங்க, அது வீல்னு கத்துது, ரெண்டே நிமிஷத்துல யாராவது "அம்மாகிட்ட குடுத்துருப்பா"ன்னு கை நீட்டறாங்க, நீங்களும் விட்டுது தொல்லைன்னு குடுத்துட்டு ஃபோன எடுத்துடறீங்க. சரிதானே ப்ரோ? நானும் அதேதான் பண்ணேன். அம்மாகிட்ட போனதும் நிக்குதுன்னா அங்க பால் வாசனை இருக்கு, அவ்வளவுதான். உங்க மேல அதுக்கு என்ன கோபம். இன்னொன்னு, இந்த அழுகை இன்னும் கூடத்தான் செய்யும். ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போய் மூணு நாலு மாசத்துல தன்னால அடங்கும். அப்ப பயந்து ஒதுங்கிடாதீங்க.

என் மனைவிக்கு சிசேரியன். ஆரம்பத்துல அவளால குனிஞ்சு குழந்தைய தூக்கவே முடியல, அதனால டயப்பர் டிபார்ட்மென்ட் என் தலையில விழுந்துச்சு. ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து டயப்பர், ஒவ்வொரு தடவ பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் எடுக்கறது, ராத்திரி ஒரு ஷிஃப்ட். சட்டையக் கழட்டிட்டு வெறும் நெஞ்சுல போட்டுக்கங்கன்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க. 1978ல கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம குறைமாசக் குழந்தைங்கள அம்மா நெஞ்சோட சேத்து வெச்சாங்களே, அந்த கங்காரு முறைதான், அப்பாவும் செய்யலாம். எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆனா அப்படித்தான் எம்பொண்ணு முதல்தடவ எம்மேல தூங்கினா.

இப்ப அந்த ராத்திரிக்கு வரேன். அவளுக்கு மூணு மாசம். மனைவிக்கு அன்னிக்கு காய்ச்சல், நீ தூங்குன்னு சொல்லிட்டு நான் முழிச்சிருந்தேன். ரெண்டு மணி வாக்குல அழ ஆரம்பிச்சா. எடுத்து வெச்ச பால் குடுத்தேன், துப்பிட்டா. டயப்பர் காய்ஞ்சுதான் இருந்துச்சு. ஏப்பமும் வந்துருச்சு. ஆனா இது பசி அழுகை இல்ல, தூக்க அழுகையும் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியல, மூணு மாசம் கேட்ட காது. எல்லாத் துணியையும் கழட்டினேன், கடைசியா சாக்ஸ். வலது கால்ல ரெண்டாவது விரல் செவசெவன்னு வீங்கியிருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு தலைமுடி, விரலச் சுத்தி இறுக்கிக்கிட்டு கிடக்கு. பிரசவம் ஆகி மூணு மாசத்துல அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டும், அதுல ஒன்னு சாக்ஸுக்குள்ள போயிருக்கு. பிரிக்கப் பாத்தேன், சதைக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு, என்னால முடியல.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் நுணுக்கமா அந்த முடிய வெட்டி எடுத்தாங்க, ரொம்ப நேரம் விட்டிருந்தா விரலுக்கு ரத்த ஓட்டமே போயிருக்கும்னாங்க. அதெல்லாம் சரி. ஆனா நுழைஞ்சதும் அங்க இருந்தவங்க கேட்டது என்ன தெரியுமா? "அம்மாவ கூப்பிடுங்க, குழந்தை கடைசியா எப்ப யூரின் போச்சுன்னு கேக்கணும்." அம்மா காய்ச்சலோட சேர்ல சாஞ்சு கிடக்கறா. நான் சொன்னேன், ஒன்னே கால் மணிக்கு, காலைலேர்ந்து ஏழு டயப்பர். அவங்க எழுதலங்க. எம்மனைவி "ஆமா"ன்னு தலையாட்டினப்புறம்தான் எழுதினாங்க.

அத என்னால இன்னிக்கும் மறக்க முடியல.

ஆபீஸ் அதுக்கு மேல. மறுநாள் லீவு கேட்டா மேனேஜர் "நீங்களா பால் குடுக்கப் போறீங்க?"ன்னு சிரிக்கறார். ஸ்வீடன்ல 1974லயே பெற்றோர் விடுப்ப அப்பாவும் எடுத்துக்கலாம்னு ஆக்கிட்டாங்க, இவர்கிட்ட நான் ஒரு நாளுக்கு கெஞ்சணும். இதே மனுஷன்தான் நான் மூணு வாரம் உக்காந்து போட்ட எக்செல் ஷீட்ட தன் பேர்ல மேல அனுப்பினவர், அதுவும் ஃபார்முலாவ கெடுத்து வெச்சு, கடைசில தப்பு மட்டும் என் பேர்ல வந்துச்சு. சரி விடுங்க, அது வேற கதை.

கமென்ட்ல வந்து "பெத்தவள விட நீ பெருசா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நான் அப்படி சொல்லவே இல்ல. ஒரு நாளைக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவ பால் குடுக்கறவ அவ, என் ஏப்ப டூட்டி அதுல கால்வாசிகூட வராது. நாள் முழுக்க வேலை பாத்துட்டு வர்ற அப்பாக்களையும் நான் குத்தம் சொல்லல. ஒரே ஒரு வேலைய முழுசா எடுத்துக்கங்கன்னுதான் சொல்றேன். குளிப்பாட்டறதோ, ராத்திரி டயப்பரோ, எதுவோ ஒன்னு. அம்மா பக்கத்துல நின்னு "அப்படி இல்ல, இப்படி"ன்னு சொல்லாம இருக்கணும், அதுதான் கஷ்டம். எங்க வீட்ல அதுக்கே ரெண்டு சண்டை.

அழுது அழுது உங்களுக்குக் கோபம் தலைக்கேறுதுன்னா, ஏறும், எனக்கு ஏறிச்சு, தொட்டில்ல மல்லாக்க படுக்க வெச்சுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போயிடுங்க. எக்காரணம் கொண்டும் குலுக்கிடாதீங்க, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும்.

அப்புறம் சாக்ஸ், கையுறை எதுவானாலும் போடறதுக்கு முன்னாடி உள்பக்கம் திருப்பிப் பாருங்க.