எல்லாம் சென்சார் மயமான கப்பலில் அனுபவமுள்ள டெக்னீஷியனுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. நாலாவது இன்ஜினியராக நான் பட்ட ஒரு அவமானத்திலிருந்தே சொல்கிறேன்.

எரிபொருள் எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபயர் என் பொறுப்பு. ஒரு நாள் காலையிலிருந்து ஓயாமல் அலாரம். சுத்தமாகி வெளியே வரவேண்டிய எண்ணெய், கழிவுத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மேனுவலில் சொன்னபடி, எண்ணெயைச் சுழற்றிப் பிரிக்கும் கலமான பவுலைத் திறந்தேன், உள்ளே அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன், சீல் ரிங்கை மாற்றி மூடினேன். மறுபடி அலாரம். மறுபடி திறந்தேன். மூன்றாம் முறை ஸ்பானரை எடுத்தபோது ஃபிட்டர் வந்து பக்கத்தில் நின்றார். வெல்டிங், கடைசல், குழாய் வேலை எல்லாம் பார்ப்பவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கடலுக்கு வந்துவிட்டவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், தண்ணி லைன் ஃபில்டரைப் பார்த்தாச்சா?"

பார்க்கவில்லை. பவுலை அடியிலிருந்து தள்ளி மூடி வைத்திருப்பதே அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான். சுண்டுவிரல் அளவு வலை, முழுக்கத் துரு. கழற்றி ஊதி மாட்டினார், ஐந்து நிமிட வேலை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். பவுல் மூடும்போது வரும் சத்தம் இன்றைக்கு வரவே இல்லையே என்றார். இரண்டு மாதமாக அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. அலாரமும் பொய் சொல்லவில்லை. எண்ணெய் வழிகிறது என்றது, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நடுக்கடலில் மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. கப்பலில் இருப்பவரின் கையும் காதும்தான் அங்கே பணிமனை.

2024 மார்ச் 26 அன்று டாலி என்ற சரக்குக் கப்பல் பால்டிமோர் பாலத்தில் மோதி, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தது நினைவிருக்கும். மோதுவதற்குச் சற்று முன் கப்பலில் இரண்டு முறை மின்சாரம் போனது. முதல் தடவை போனதற்குக் காரணம் சரியாகப் பொருந்தாத ஒரே ஒரு ஒயர் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு கண்டறிந்தது. ஒயரின் பெயர்ச்சீட்டு தடுத்ததால் அதை மாட்டும் டெர்மினல் என்ற இணைப்புமுனைக்குள் அது முழுதாக இறங்கவில்லை. ஆயிரக்கணக்கான ஒயர்களில் ஒன்று. மாட்டியதும் ஒரு முறை இழுத்துப் பார்க்கும் கை வேண்டும். அந்தப் பழக்கம், பக்கத்தில் ஒருவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து வருவது.

அதே கப்பலில், ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தர வேறு வேலைக்கான பம்ப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள். மின்சாரம் திரும்பினாலும் அது தானாக ஓடத் தொடங்காது. இரண்டாம் தடவை இருண்டதற்கு அதுவும் காரணம். இங்கேதான் அனுபவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ எனக்கு மனம் வருவதில்லை. "இத்தனை நாள் இப்படித்தானே ஓட்டினோம்" என்பதும் அனுபவம் பேசுகிற பேச்சுதான். ஆக்சிஜன் அளவு பார்க்காமல் மூடிய டாங்கில் இறங்கி உயிரை விட்டவர்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் உண்டு. அப்புறம், மைனஸ் 162 டிகிரியில் எல்என்ஜியை, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை, எரிபொருளாகச் சுமக்கும் புதுக் கப்பலில் பழைய டீசல் கைப்பழக்கம் பாதி தூரம்தான் வரும்.

ஆனாலும் அனுபவத்தைக் கைமாற்றுகிற விதத்தில்தான் கப்பல் தொழில் கோட்டைவிடுகிறது. சில மாத ஒப்பந்தம், துறைமுகத்தில் ஒருவர் இறங்க இன்னொருவர் ஏற, நடுவில் சில மணி நேரம். எங்கள் ஃபிட்டர் இறங்கியபோது எழுதி வைத்த குறிப்பில் வெல்டிங் ராடு கணக்கும் உதிரிபாகப் பட்டியலும் மட்டும்தான் இருந்தன. நான் இறங்கும்போது என் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'பியூரிஃபயர் பவுல் மூடும் சத்தத்தைக் கவனிக்கவும்.'

மூன்று வாரம் கழித்து, எனக்குப் பின் வந்தவரிடமிருந்து ஒரு மெசேஜ்: "எந்தச் சத்தம் சார்?"